தகப்பனும் பிள்ளையும்: முற்றத்தில் செய்யக்கூடிய ஐந்து விளையாட்டுகள்

வயலை விட்டு வந்த தகப்பனிடம் பிள்ளைக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது இக்கேள்வியை நாம் பல முறை எதிர்கொண்டிருக்கிறோம். சிலர் வாய்விட்டுக் கேட்கின்றனர். பலர் பேசாமல் இருந்து கேட்கின்றனர்.

காணியில் கமம் செய்த காலத்தில் பிள்ளையோடு இருப்பதற்குத் தகப்பன் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளை சாப்பாடு கொண்டு வயலுக்குப் போனது, வரம்பில் நடந்தது, குருவி கலைத்தது, பார்த்துப் பார்த்தே பழகியது. காணி கைவிட்டுப் போனபோது இந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று. கூலிவேலைக்குப் போகும் தகப்பனின் பின்னால் பிள்ளை போக முடியாது. வேலை கிடைக்காத நாட்களில் தகப்பன் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் பிள்ளையோடு இல்லை.

இப்பாடத்தில் காசு செலவில்லாத ஐந்து விளையாட்டுகளை நோக்குவோம். இவை பொழுதுபோக்கு மட்டுமல்ல. காணியை இழந்தாலும் கமக்காரனின் கையில் உள்ள அறிவு இழக்கப்படவில்லை என்பதைத் தகப்பனும் பிள்ளையும் ஒன்றாக உணர்வதற்கான வழிகள் இவை.

நமது பகுதியின் நிலை

அரிப்பும் அதைச் சூழ்ந்த முசலிப் பகுதியும் பல முறை இடம்பெயர்ந்த மண். 1990 ஒக்டோபரில் இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பல்லாண்டுகள் புத்தளம் பக்கத்து முகாம்களில் பிள்ளைகளை வளர்த்தன. 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது அரிப்பு, சிலாவத்துறை, முள்ளிக்குளம் ஆகிய ஊர்களின் மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். அரிப்பு மக்கள் போர் முடிந்தபின் திரும்பி வந்தனர். முள்ளிக்குளத்தில் கடற்படை முகாம் அமைந்தபடியால் அவ்வூர் மக்கள் மலங்காட்டில் கொட்டில் போட்டுத் தங்க நேர்ந்தது. 2017இல் அவர்கள் தொடர்ந்து போராடிய பின்னரே ஒரு பகுதிக் காணியை விடுவிக்க இணக்கம் ஏற்பட்டது. மாந்தைப் பகுதியிலிருந்து வன்னி வழியாகச் சென்ற குடும்பங்கள் பல 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை அடைந்தன. அம்முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

ஆண்டுகளைக் கூட்டிப் பார்ப்போம். 2007இல் ஏழு வயதாக இருந்த பிள்ளை இன்று இருபதுகளின் நடுவில் நிற்கிறது. அவர்களில் பலர் இப்போது தாங்களே தகப்பன்மார். "எங்களோடு யாரும் விளையாடவில்லை. பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொன்னால் அது சாட்டு அல்ல, உண்மை. ஆகவே இதனையும் ஒரு பாடமாகவே கற்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டு ஏன் அவசியம்?

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனம் 1989இல் நிறைவேற்றப்பட்டது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. உணவையும் கல்வியையும் போல விளையாட்டும் அங்கே இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

நமது நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகள் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண்ணில் உருவம் செய்தனர், படம் வரைந்தனர், கதை நடித்தனர். துயரத்தை வாயால் சொல்ல முடியாத பிள்ளை அதைக் கையால் சொல்லிவிடுகிறது என்பதே அங்கு கிடைக்கும் படிப்பினை. அத்தகைய பூங்கா எல்லா ஊருக்கும் வராது. முற்றம் எல்லா வீட்டுக்கும் உண்டு.

தொடங்குமுன் நான்கு விதிகள்

1. நாளுக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால்மணி நேரம் பிள்ளைக்கே உரியது. கைத்தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். குடித்துவிட்டு விளையாட வரவேண்டாம். பிள்ளைக்கு அந்த வாசனை விளங்கும்.

2. மகனோடு மட்டுமல்ல, மகளோடும் விளையாடுங்கள். வரம்பு கட்டவும் வாய்க்கால் வெட்டவும் அவளும் பழக வேண்டும்.

3. பிழை விட்டால் ஏசாதீர்கள். "ஏன் இப்படி ஆனது?" என்று மட்டும் கேளுங்கள்.

4. பாதுகாப்பே முதல். வெடிபொருள் அபாயப் பலகை நாட்டிய இடத்துக்குள் காலே வைக்கக்கூடாது. நிலத்தில் கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் தொடாமல் பெரியவருக்குச் சொல்லப் பழக்குங்கள். அருவி ஆற்றில் முதலை உண்டு. பிள்ளையைத் தனியே ஆற்றில் இறங்க விடாதீர்கள்.

1. மணலில் குளம் கட்டுதல்

வேண்டியவை: ஈர மணல், ஒரு சிரட்டை, வெறும் பேணியில் தண்ணீர்.

முதலில் பிறைபோல ஒரு குளக்கட்டு எழுப்புங்கள். ஒரு பக்கத்தில் பப்பாசிக் குழலை வைத்தால் அதுதான் துருசு. மறுபக்கத்தில் கட்டைச் சற்றுத் தாழ்த்தினால் அதுதான் வான். துருசிலிருந்து வாய்க்கால் வெட்டி, கீழே வரம்பு கட்டி, நாலு வயல் பிரியுங்கள். பின்னர் பிள்ளையே தண்ணீர் ஊற்றட்டும்.

வான் இல்லாவிட்டால் கட்டு உடையும். மேல் வயல்காரன் வாய்க்காலை மறித்தால் கீழ் வயல் காயும். இவற்றை விளக்க வேண்டியதில்லை, தண்ணீரே காட்டிவிடும். அடுத்த நாள் உங்கள் சொந்தக் காணியை அதே மணலில் அமைத்துக் காட்டுங்கள். முசலி வயல்களுக்கு அகத்திமுறிப்புக் குளத்துத் தண்ணீர் எவ்வழியால் வந்தது, நானாட்டான், முருங்கன் பக்கத்துக்குக் கட்டுக்கரைக் குளம் எப்படிப் பாய்ந்தது, அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து அக்குளத்துக்கு எப்படித் தண்ணீர் திருப்பினார்கள் என்று சொல்லுங்கள். எங்கள் கிணறு எங்கே, எல்லை மரம் எது, பக்கத்துக் காணி யாருடையது என்பதையும் சொல்லுங்கள். தான் காணாத காணியைப் பிள்ளை இப்படித்தான் அறிந்துகொள்ளும். உறுதி தொலைந்துபோன குடும்பத்துக்கு இந்த ஞாபகம் ஒரு சொத்து.

2. பனங்கொட்டைப் பாத்தி

ஆவணி, புரட்டாதி மாதங்களில் பனம்பழம் விழும். பிள்ளையோடு விடியற்காலையில் போய்ப் பொறுக்குங்கள். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். "பன்னிரண்டு பழத்தில் கூடியது எத்தனை கொட்டை?" என்று கேளுங்கள். முப்பத்தாறு என்ற விடையைப் பிள்ளை விரல் மடித்துக் கண்டுபிடிக்கட்டும்.

மணல் மண்ணைக் கொத்தி மேடாக்கி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மெல்லிதாக மண் மூடுங்கள். மாரி மழை மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு கிண்டலாம். சுவரில் கரிக்கோடு போட்டு வாரங்களை எண்ணுவது பிள்ளையின் வேலை. எத்தனை கொட்டை முளைக்கவில்லை என்று எண்ணுவதும் அதன் வேலையே.

பிறர் காணியில் தங்கியிருப்பவர்களுக்கு இது ஏற்ற பயிர். நாலு மாத இடம் போதும். அவித்தால் உணவு, காய வைத்தால் ஒடியல். ஊர் திரும்பும் நாள் வந்தால், பிள்ளையின் கையாலேயே இரண்டு கொட்டையை எல்லையில் ஊன்றச் சொல்லுங்கள்.

3. ஓலைக் காற்றாடி

இரண்டு விரல் அகலத்தில் இரண்டு பனையோலைத் துண்டு எடுங்கள். குறுக்காக வைத்து நடுவில் ஒரு முள்ளைக் குத்தி, தடியொன்றின் நுனியில் தளர்வாகப் பொருத்துங்கள். நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாகச் சற்றுத் திருகினால் அது சுழலும். ஒரு நுனியை மாற்றித் திருகினால் தடுமாறும். அந்தப் பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

சுழலும்போது காற்றின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோளகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். விதைப்பவருக்கும் வலை இழுப்பவருக்கும் இந்த நான்கு பெயர்களும் வேண்டும்.

4. ஒற்றையா இரட்டையா, நொடி

மழை நாளுக்கும் இரவுக்கும் இது உகந்தது. கைக்குள் புளியங்கொட்டைகளை மூடி "ஒற்றையா, இரட்டையா?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னவருக்கே கொட்டைகள். சின்னப் பிள்ளை எண்ணப் பழகும். பெரிய பிள்ளை தோற்கப் பழகும்.

பின்னர் நொடி போடுங்கள். பழைய நொடிகள் மறந்துபோனால் புதிதாகக் கட்டுங்கள். "கதவு உண்டு, வீடு இல்லை; திறந்தால் ஆள் வராது, தண்ணீர் வரும். அது என்ன?" விடை, துருசு. இப்படி மண்வெட்டி, களை, குருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி கட்டும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள்.

5. நடந்து சொல்லும் கதை

ஞாயிறு மாலையில் பிள்ளையை அரிப்புக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அல்லிராணிக் கோட்டை என்று நாம் சொல்லும் இடிபாடு, உண்மையில் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக் குளிப்பை மேற்பார்வையிடக் கட்டிய மாளிகை. பெயருக்குப் பின்னால் உள்ள கதையையும் சொல்லுங்கள். கட்டியவர் யார் என்பதையும் சொல்லுங்கள். இரண்டும் வேறு என்று பிள்ளை அறிய வேண்டும்.

அங்கேயுள்ள பழைய ஒல்லாந்தர் கோட்டையைக் காட்டி றொபேட் நொக்ஸின் கதையைச் சொல்லுங்கள். 1660இல் கொட்டியாரத்தில் தகப்பனும் மகனுமாகக் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். தகப்பன் 1661இல் காய்ச்சலில் இறந்தார். மகனே அடக்கம் செய்தான். அவன் தொப்பி பின்னி விற்றான். வியாபாரியாகத் திரிந்து பாதைகளை அறிந்துகொண்டான். 1679இல் ஒரு தோழனோடு, இன்று நாம் அருவி ஆறு என்னும் அந்த ஆற்றின் ஓரமாகக் காட்டினூடே நடந்து, அதே ஆண்டு ஒக்டோபரில் இந்த அரிப்புக் கோட்டையை அடைந்தான். கதையை இங்கே நிறுத்தி, "காட்டில் வழி தெரியாவிட்டால் நீ எதைப் பிடித்துக்கொண்டு நடப்பாய்?" என்று கேளுங்கள். ஆறு கடலுக்குத்தான் போகும் என்பதைப் பிள்ளை தானே சொல்லட்டும்.

தகப்பன் இல்லாத வீட்டில்

போரில் தகப்பனை இழந்த, அல்லது தகப்பன் எங்கே என்று இன்னும் அறியாத குடும்பங்கள் நம்மிடையே பல. அப்பிள்ளைகளின் முன்னால் இவ்விளையாட்டுகள் புண்ணைக் கிளறக்கூடாது. ஆகவே உங்கள் முற்றத்தில் மணல் குளம் கட்டும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். மாமா, சித்தப்பா, அப்பப்பா, அம்மப்பா எவரும் தகப்பனின் இடத்தில் அமரலாம். தாயும் அமரலாம், அகப்பட்ட நாள் முதல் எத்தனையோ தாய்மார் இரண்டு பேரின் வேலையையும் செய்துதான் வருகிறார்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது தகப்பன் நமக்குக் கற்றுத் தந்த ஒரு கைவேலை எது? அதை நமது பிள்ளைக்குக் காட்டியிருக்கிறோமா?

2. நமது பிள்ளைக்கு நமது காணியின் எல்லைகள் தெரியுமா?

3. வேலையில்லாத நாளில் நமது நேரம் எங்கே போகிறது?

4. நமது குடியிருப்பில் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடக்கூடிய ஓர் இடத்தை நாமே துப்புரவு செய்ய முடியுமா? யார் யார் கைகொடுப்பார்கள்?

இவ்வாரச் செயல்: ஐந்தில் ஒன்றைத் தெரிந்து, மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். நாலாம் நாள் நீங்கள் மறந்தாலும் பிள்ளை மறக்காது. பேணியில் தண்ணீரோடு முற்றத்தில் காத்து நிற்கும்.