புற்றுக்கட்டிக்குள் ஒரு வைரசு

வைரசு என்றால் நோய் என்றுதான் நாம் படித்திருக்கின்றோம். கொரோனாக் காலத்தில் பாடசாலை மூடிக்கிடந்த மாதங்கள் அந்த எண்ணத்தை இன்னும் ஆழமாக்கிவிட்டன. அப்படியிருக்க, புற்றுநோயாளி ஒருவரின் கட்டிக்குள் வைத்தியர்கள் வேண்டுமென்றே வைரசை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் படித்த பின்னர்தான் இச்சிகிச்சை பற்றித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாகியது. இங்கே வைரசைவிட நமது வெண்குழியங்களுக்கே வேலை அதிகம்.

ரி-வெக் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மெலனோமா எனும் தோற்புற்றுக்கு 2015 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கா இதனை அனுமதித்தது. காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு உதட்டோரத்தில் கொப்புளம் வருமே, அதற்குக் காரணமான ஹேர்ப்பிஸ் வைரசுதான் இதன் மூலம். அதிலிருந்து இரண்டு பரம்பரையலகுகளை நீக்கி, வேறொன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆரோக்கியமான கலமொன்றில் வைரசு புகுந்தால், அக்கலம் தன் புரத உற்பத்தியையே நிறுத்தி வைரசைப் பெருகவிடாது தடுக்கும். நீக்கப்பட்டவற்றில் ஒன்று, இத்தடையை உடைப்பதற்கு வைரசு வைத்திருந்த அலகு. அது இல்லாததால் நல்ல கலங்களில் வைரசு பெருகாது. புற்றுக்கலங்கள் பலவற்றில் இந்தத் தற்காப்பு ஏற்கெனவே பழுதாகியிருக்கும். எனவே அங்கே பெருகிக் கலத்தை வெடிக்கச் செய்கிறது. நீக்கப்பட்ட மற்றையது, ரி கலங்களின் கண்ணில் படாமல் வைரசை மறைத்த அலகு. திருடனின் முகமூடியைக் கழற்றியது போலத்தான். சேர்க்கப்பட்டதோ மனிதனுடைய அலகு. அது உண்டாக்கும் புரதம் கிளைக்கலங்களைக் கட்டிக்கு அழைத்து முதிரச் செய்கிறது.

கிளைகள் போன்ற நீட்சிகளைக் கொண்ட இக்கலங்கள்தான் என்னை மிகவும் கவர்ந்தவை. வெடித்த புற்றுக்கலத்தின் புரதத் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, நிணநீர்க் கணுவுக்குச் சென்று, "இதுதான் எதிரி" என்று ரி கலங்களுக்குக் காட்டுகின்றன. அடையாளம் கண்ட ரி கலங்கள் பெருகிக் குருதி வழியே புறப்படுகின்றன. ஊசி படாத இடத்துக் கட்டியையும் அவற்றால் தாக்க முடியும்.

இது வெறும் ஊகமல்ல. 436 மெலனோமா நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், ரி-வெக் பெற்றவர்களுள் 16.3 வீதமானோருக்குக் கட்டி சுருங்கி, அந்நிலை ஆறு மாதங்களேனும் நீடித்தது. மேலே சொன்ன புரதத்தை மட்டும் பெற்ற பிரிவில் அது 2.1 வீதம். ஊசி ஏற்றப்படாத உள்ளுறுப்புக் கட்டிகளில் 15 வீதமானவை பாதியாகவோ அதற்கு மேலாகவோ சுருங்கின. அற்புத மருந்து என்று முழங்க இவ்வெண்கள் போதா. ஆனால் அந்த 15 வீதத்தை வைரசு மட்டும் தனித்துச் சாதித்திருக்கும் என்று சொல்வது கடினம்.

புற்றுக்கலங்களும் சும்மா இருப்பதில்லை. ரி கலத்தின் மேற்பரப்பிலுள்ள பீடி-1 என்ற "பிரேக்கை" அழுத்தி அதை ஓயவைக்கின்றன. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துடன் ரி-வெக்கையும் கொடுத்தால் என்ன? தர்க்கம் அழகானது. ஆனால் 692 பேரிடம் செய்த பரிசோதனையில், பெம்ப்ரோலிசுமாப்பை மட்டும் கொடுத்ததைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை கிடைக்கவில்லை. பத்திரிகைகளில் "புற்றுநோய்க்குத் தீர்வு" என்று தலைப்பு வரும்போதெல்லாம் இந்த முடிவுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி, இதே காவலர்கள் குறுக்கே நிற்கும் இடத்துக்கு வருவோம். இயற்கைக் கொல்லிக் கலங்களுக்கு, வந்த வைரசு மருந்தா நோயா என்று தெரியாது. தொற்றுக்குள்ளான கலத்தைக் கண்டால் கொல்லும். எலிகளின் மூளைக்கட்டியில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வொன்றில், இக்கலங்கள் வைரசை வேகமாகத் துடைத்தெறிந்தன; அவற்றை நீக்கியபோது சிகிச்சை கூடுதலாகப் பலித்தது. என்றாலும் அவற்றை முற்றாக அடக்கினால், புற்றுக்கலத்தைக் கொல்லும் கைகளில் ஒன்றையும் கட்டிவிட்டோம் என்றாகிவிடும். எதை, எந்த வேளையில், எவ்வளவு நேரம் அடக்குவது என்பதில்தான் சிக்கல்.

குருதியிலும் பிறபொருளெதிரிகள் காத்திருக்கின்றன. ரி-வெக்கை நரம்பில் ஏற்றாமல் நேரே கட்டிக்குள் ஏற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் ஊசியில் வைரசின் செறிவு குறைவு. ஹேர்ப்பிஸை முன்னர் சந்தித்திராத உடலும் அதற்கு எதிரான பிறபொருளெதிரியை ஆக்கிக்கொள்ள மூன்று வாரம் அவகாசம் கொடுத்து, அடுத்த ஊசியில் நூறு மடங்கு செறிவாக ஏற்றுகிறார்கள். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.