ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படிப்பது எப்படி?

நான் டாக்டரும் அல்ல, வக்கீலும் அல்ல. டிப்ளமா படித்து, தென் மத்திய ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலை நடக்காத வேலை. அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரி விஷயத்திலும் கைகொடுத்தது. சங்க அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

2022-ல் என் தங்கை கணவருக்குச் சர்க்கரைப் புண் முற்றி, காலில் அறுவைச் சிகிச்சை. நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பில் 1,62,000 ரூபாய். 2019 முதல் 3 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் இருந்தும் கம்பெனி மறுத்துவிட்டது. "பத்து வருடமாகச் சர்க்கரை நோய், பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டார்" என்று கடிதம். தங்கை தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினாள். மாப்பிள்ளை, "விட்டுவிடுங்கள் அத்தான், நம்மால் முடியாது" என்றார்.

அவருக்குச் சர்க்கரை கண்டதே 2020-ல்தான். அப்படியானால் பத்து வருடம் எங்கிருந்து வந்தது? கேஸ் ஷீட் நகல் கேட்டோம். இன்று நாளை என்று இழுத்தார்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி. அதைக் குறிப்பிட்டு மனு கொடுத்தபின் மறுநாளே வந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது விடை. அட்மிஷன் சமயம் ஒரு இளம் டாக்டர் "என்னேள்ளு?" என்று கேட்டிருக்கிறார். ஐதராபாத் வந்து எத்தனை வருடம் என்று கேட்பதாக நினைத்து என் தங்கை, "பதேள்ளு" என்றிருக்கிறாள். ஊருக்கு வந்த பத்து வருடம் நோயின் பத்து வருடமாகிவிட்டது! நம்மவர் வீடுகளில் தெலுங்கு அரைகுறை என்பது ரகசியமல்ல. நோய் விவரம் சொல்லும்போது தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்; எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2019-ல் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை மாப்பிள்ளை பத்திரமாக வைத்திருந்தார். அதில் சர்க்கரை இல்லை. அதை இணைத்து முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். 30 நாள் காத்தோம், பதில் திருப்தியில்லை. பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு மனு. தெலங்கானா, ஆந்திரம் இரண்டுக்கும் அலுவலகம் நம் ஐதராபாத்திலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போகவேண்டும், அவ்வளவே. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். எங்களுக்கு 1,28,000 கிடைத்தது. சங்கிலி வீடு திரும்பியது.

மீதி 34,000 ஏன் போயிற்று? இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 3,000. இவர்கள் எடுத்த அறை 4,500. வித்தியாசம் ஆறு நாளைக்கு 9,000தானே என்று நினைத்தோம். ஆனால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் அதே விகிதத்தில், மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தன: 75,000 என்பது 50,000 ஆயிற்று. மருந்து, பரிசோதனை வகையில் 60,000 மட்டும் முழுதாக வந்தது. அவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது விதி. ஒரு நல்ல ஜன்னலுக்கும் டி.வி.க்கும் நாங்கள் கொடுத்த விலை 34,000. சேரும் முன்பே பாலிசியில் அறை வரம்பு உண்டா என்று பாருங்கள்.

சிகிச்சையிலேயே தவறு என்றால் வழி வேறு. பணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரிடமும் கட்டணம் வாங்காத ஆஸ்பத்திரிகளுக்கு இது பொருந்தாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்யவேண்டும். 2019-ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

இன்ஷூரன்ஸே இல்லாதவர்களுக்கு ஆரோக்யஸ்ரீ. 2007-ல் தொடங்கிய திட்டம். தெலங்கானாவில் 2023 டிசம்பரில் வரம்பை 10 லட்சமாக உயர்த்தினார்கள். ஆனால் அது இந்த மாநில ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் நடக்கும். நம்மில் பலர் இருபது வருடம் இங்கே இருந்தும் கார்டைத் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ விட்டு வைத்திருக்கிறோம், பொங்கல் பரிசுக்காக! எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் 70 வயது நிரம்பியவர் இருந்தால், 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் திட்டத்தில் வருமானம் பார்க்காமல் வருடத்துக்கு 5 லட்சம் வரை வழி உண்டு. ஆதாருடன் பதிவு செய்யவேண்டும்.

ரயில்வே பென்ஷன்காரர்களுக்கு லாலாகூடா ஆஸ்பத்திரி தெரியும். உமீத் கார்டில் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடவும்.

ஆம்பட்ஸ்மேனுக்கு நாங்கள் கொடுத்த மனுவின் நகல் ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் நானும் இருப்பேன். வருபவர்கள் பாலிசிப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவரவும்.