நோயாளர்க்கு இல்லத்தை ஒழுங்குசெய்தல்
போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு செல்ல 17 கொண்டையூசி வளைவுகள். படுக்கையிலிருப்பவரை அவ்வழியே அடிக்கடி ஏற்றியிறக்குதல் எளிதன்று. ஆதலின் ஏலமலைச் சரிவில் வாழ்வோர் வீட்டையே செம்மைசெய்தல் வேண்டும்.

நாம் முதலில் வலியுறுத்துவது கட்டிலை. சுவரிலிருந்து விலக்கி, இருபுறமும் ஆள் நிற்க இடம் விடுக. மழைக்காலக் கசிவும் மெத்தையை அணுகாது. எழுந்து அமரக்கூடியவராயின் பாதம் தரையில் படியும் உயரமே ஏற்றது. தாமே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டுக. இன்றேல் இடுப்பிலும் குதிகாலிலும் புண் தோன்றும். சிவத்தலே முதல் அறிகுறி என்பர். நம்மவர் கரிய மேனியில் அது எங்கே தெரிகிறது? தொட்டு, வெம்மையோ கடினமோ உண்டாவெனக் காண்க.

2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் இல்லத்திலேயே கிட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிக. பொழுது சாயுமுன் உண்ணும் நம் இல்லங்களில், இரவு மாத்திரைக்குரிய நேரத்தை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.