குதிகால் வலி: பெயர் ஒன்று, காரணம் பல



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை வசூல் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும் நேரம். ஒரு அக்கா தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஏழாம் வகுப்பு படிக்கும் பெண், வயது 12. குறுவட்டப் போட்டியில் ஓட்டத்தில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகி இருந்தாள்.

"கிரவுண்டுக்குப் போய்ட்டு வந்தா குதிகாலைப் புடிச்சிக்கிட்டு நொண்டுறா மேடம். லீவு நாள்ல பார்த்தா நல்லா நடக்குறா. வீட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்குறாளோன்னு ரெண்டு அடி போட்டேன். ஓட்டமே வேணாம்னும் சொல்லிட்டேன்" என்றார்.

உடனே பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் குதிகால் வலிதான். காலையில எந்திரிச்சா தரையில கால் ஊன முடியாது. செங்கல்லைச் சூடு பண்ணி, எருக்க இலையை மேல வெச்சு மிதிக்கச் சொல்லு" என்றார். இன்னொருவர், "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றார்.

வலி எல்லோருக்கும் குதிகாலில்தான். ஆனால் காரணம் ஒன்றல்ல. ஒருவருக்குக் கேட்ட வைத்தியம் இன்னொருவருக்குக் கேட்காது. விளையாடும் பிள்ளைகளுக்கு எந்தெந்தக் காரணத்தால் குதிகால் வலிக்கிறது என்று இந்த மாதப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

குதிகால் என்ன சுமக்கிறது?

நம் பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது குதிகால் எலும்பு. அதன் அடியில் மெத்தை போல ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. கெண்டைக்கால் தசையிலிருந்து இறங்கும் தடித்த நரம்பு போன்ற நாண், குதிகாலின் பின்பக்கம் வந்து ஒட்டுகிறது. இதைக் குதிநாண் என்போம். குதிகாலின் அடியிலிருந்து விரல்கள் வரை ஒரு பட்டையான சவ்வு ஓடுகிறது. இதைப் பாதச் சவ்வு என்போம்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 30 கிலோ எடையுள்ள பெண் ஓடினால், அடிக்கு அடி 60 முதல் 90 கிலோ வரை தாங்க வேண்டும். இந்தப் பாரத்தில் எந்தப் பகுதி நோகிறதோ, அதைப் பொறுத்து வலியின் இடமும் நேரமும் மாறும்.

1. வளரும் பிள்ளைகளின் வலி

8 முதல் 14 வயது வரை விளையாடும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி முழுதாக ஒட்டியிருக்காது. இடையில் குருத்தெலும்பு இருக்கும். எலும்பு வேகமாக வளரும்போது கெண்டைக்கால் தசை இறுகி, அந்த இளம் இடத்தைப் பிடித்து இழுக்கிறது. ஓட்டமும் குதிப்பும் சேர்ந்தால் வலிக்கும். ஓய்வு எடுத்தால் குறையும். அதனால்தான் லீவு நாளில் பிள்ளை நன்றாக நடக்கிறது. இது நடிப்பு அல்ல. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் கையால் சேர்த்து அழுத்தினால் பிள்ளை "ஆ" என்று காலை இழுத்துக்கொள்ளும்.

சீவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1912-ல் இதைப் பற்றி எழுதினார். இன்றும் மருத்துவர்கள் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். எலும்பு முழுதாக ஒட்டியதும் இந்த வலி நின்றுவிடும், ஊனம் எதுவும் வராது. அதுவரை ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். குதிகாலுக்கு மெத்தென்ற திண்டு வைத்த ஷூ போட வேண்டும். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி செய்ய வேண்டும். சில வாரமோ சில மாதமோ பொறுமை வேண்டும்.

2. அடிப்பாத வலி

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் முள் குத்துவது போல இருக்கும். சிறிது நடந்தால் குறையும், மாலையில் மறுபடி கூடும். இது பாதச் சவ்வு நைந்து வருவது. இதைத்தான் ஊரில் குதிகால் வாதம் என்கிறோம். தொலைதூரம் ஓடுபவர்களுக்கும் வரும், நாள் முழுக்க நின்று வேலை செய்யும் நமக்கும் வரும். கூட்டத்தில் செங்கல் வைத்தியம் சொன்ன அக்காவுக்கு இருந்ததும் இந்த அறிகுறிதான்.

படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, கால் விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி இழுத்து 10 விநாடி வைத்திருங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்யலாம். எக்ஸ்ரேயில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு.

3. பின்பக்க வலி

குதிகாலுக்குப் பின்னால் அல்லது சற்று மேலே வலித்து, காலையில் விறைப்பாக இருந்தால் அது குதிநாண் சம்பந்தப்பட்டது. பயிற்சியைத் திடீரென்று கூட்டினால் வரும். சீனாவின் லியூ சியாங் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். 2008-ல் சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில் குதிநாண் வலியால் ஓட முடியாமல் திரும்பினார். 2012 லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தார், அப்போது நாண் அறுந்துவிட்டது. உலக வீரருக்கே இப்படி என்றால் நம் பிள்ளை சொல்வதை நாம் அலட்சியம் செய்யலாமா?

இதற்கு முழு ஓய்வு மட்டும் போதாது. படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியை ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் குழுவினர் 1998-ல் பரிசோதித்துப் பலன் கண்டார்கள். பன்னிரண்டு வாரம் செய்ய வேண்டிய பயிற்சி இது. பிசியோதெரபி செய்பவர் காட்டித் தந்த பிறகே செய்யுங்கள். "டப்" என்ற சத்தத்தோடு யாரோ பின்னால் உதைத்தது போல இருந்து, நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

4. எலும்பில் மெல்லிய விரிசல்

கீழே விழாமலே, திரும்பத் திரும்ப ஓடுவதால் எலும்பில் விரிசல் விழுவது உண்டு. ஓட ஓட வலி கூடும். பிறகு நடந்தாலும் வலிக்கும், ராத்திரியிலும் வலிக்கும். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். "எக்ஸ்ரே நல்லா இருக்கு, ஓடு" என்று அனுப்பிவிடக் கூடாது.

சகோதரிகளே, இதில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போய், ஓடும் அளவுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். கூடவே எலும்பும் பலம் இழக்கும். 15 வயது ஆகியும் வயதுக்கு வராவிட்டாலோ, வந்த பிறகு மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலோ "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பிள்ளைக்கு வைக்கும் முட்டையும் பாலும் ஓடுகிற பெண் பிள்ளைக்கும் வேண்டும்.

5. வேறு காரணங்கள்

கெட்டித் தரையில் வெறுங்காலோடு குதித்தால் குதிகாலின் நடுவில் கொழுப்புத் திண்டு நசுங்கி வலிக்கும். நரம்பு அழுந்தினால் எரிச்சலும் மரமரப்பும் இருக்கும். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பு விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தால் அது வாத நோயாக இருக்கலாம். இதற்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

காய்ச்சல், வீக்கம், சிவப்பு, ராத்திரி வலி, கால் ஊன முடியாமை, மரத்துப்போதல். இதில் எது இருந்தாலும் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

செங்கல் சூடு சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் வீங்கிய காலுக்குச் சூடு ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சூடு தெரியாமல் கால் வெந்துபோகும். ஊசியும் அப்படித்தான். ஸ்டீராய்டு ஊசி சில நாள் வலியைக் குறைக்கலாம். குதிநாணில் போட்டால் நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. அடியில் திரும்பத் திரும்பப் போட்டால் கொழுப்புத் திண்டு கரையும். என்ன ஊசி, எதற்கு என்று கேட்பது நம் உரிமை.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குப் போனோம். மருத்துவர் குதிகாலின் இரு பக்கமும் அழுத்திப் பார்த்து, வளர்ச்சியால் வரும் வலிதான் என்றார். மாவட்டப் போட்டி அந்த வருடம் கைவிட்டுப் போய்விட்டது. அவள் அழுதாள். ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பட 30 விநாடி நிற்கும் பயிற்சியைத் தினமும் செய்தாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறாள். வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று பி.டி. டீச்சரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

போன கூட்டத்தில் அந்த அக்கா சொன்னார்: "வலி போயிடுச்சு மேடம். அடிச்சதுதான் மனசுல நிக்குது."

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் குதிகால் வலி யாருக்கு? எந்த இடத்தில், எந்த நேரத்தில் வலிக்கிறது?

2. விளையாடும் பெண் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்?

3. பிள்ளை வலி என்று சொன்னால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்?