'சவுண்டைக் குறைங்க'ன்னு சொல்றவர் சீன் போடல

கல்ச்சுரல்ஸ் ராத்திரியில இந்தக் காட்சியை நீங்க பார்த்திருப்பீங்க. பேண்ட் மேடை ஏறும். டிரம்மர் ரெண்டு தட்டு தட்டுவார். மொத்தக் கூட்டமும் முன்னாடி ஓடும். ஒருத்தர் மட்டும் காதைப் பொத்திக்கிட்டு வெளிய நடப்பார். "என்னடா சீன் போடுற?"ன்னு யாராவது கேட்பாங்க. நானும் கேட்டிருக்கேன். அது எவ்வளவு தப்பான கேள்வின்னு எனக்குப் புரிய வெச்சது மேடை இல்ல, எங்க வீட்டு ஹால். அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல கொஞ்சம் கணக்கு.

100 டெசிபல்னா எவ்வளவு?

டெசிபல் ஒரு மடக்கை அளவு. 3 டெசிபல் ஏறினா ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு. 10 ஏறினா பத்து மடங்கு. ஆனா அந்தப் பத்து மடங்கு நம்ம காதுக்கு 'சுமார் இரண்டு மடங்கு சத்தம்'னுதான் தெரியும். அதாவது காது உணர்றதைவிட அதிகமா அடி வாங்குது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்ற வரம்பு, 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம். ராக் கச்சேரியில மேடைக்குப் பக்கத்துல 100-ங்கிறது சாதாரணம். ரெண்டு மணி நேரம் நின்னா எட்டு நாள் டோஸ் ஒரே ராத்திரியில உள்ள போகுது. இது வருஷக்கணக்குல வேலை செய்றவங்களுக்கான வரம்பு, ஒரே கச்சேரியில செவிடாகிடுவோம்னு அர்த்தம் இல்ல. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2022-ல வெளியிட்ட தரநிலையும் கச்சேரி அரங்குகளுக்கு 15 நிமிஷ சராசரியா 100 டெசிபலைத்தான் உச்ச வரம்பா வெச்சிருக்கு.

நம்ம நாட்டுத் தொழிற்சாலை விதிகள்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை. ஓசூர் சிப்காட்ல ஒரு பிரஸ் ஷாப் 100-ஐத் தொட்டா இயர் பிளக் இல்லாம ஷிஃப்ட் முழுக்க நிக்க விடக் கூடாது. அதே 100-க்கு மேடை முன்னாடி நாம டிக்கெட் வாங்கி நிக்கிறோம். ஒண்ணு மெஷின், இன்னொன்னு மியூசிக்னு காதுக்குள்ள இருக்கிற செல்லுக்குத் தெரியாது.

ராக் மட்டும் ஏன் குத்துது?

சத்தம்னா தவிலும் பறையும்கூடத்தான். ஆனா ராக்ல மூணு விஷயம் ஒண்ணா சேருது.

ஒண்ணு, டிஸ்டார்ஷன். கிட்டார் சிக்னலோட தலையையும் காலையும் வெட்டி, சைன் அலையைக் கிட்டத்தட்ட சதுர அலையா மாத்துறோம். ஃபூரியர் தொடர் படிச்சிருப்பீங்க, கூர்மையான மூலை இருந்தா உயர் ஹார்மோனிக்ஸ் கொட்டும். கிட்டாரோட தடிமனான கம்பி 82 ஹெர்ட்ஸ்தான். டிஸ்டார்ஷன் போட்டா அதோட ஹார்மோனிக்ஸ் 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறும். மனிதக் காது ரொம்ப உணர்ச்சியோட இருக்கிற இடமும் அதுவேதான்.

ரெண்டு, கம்ப்ரெஷன். கச்சேரி ஆலாபனையில மெல்லிய இடம் வரும், காது இளைப்பாறும். கம்ப்ரெஸ் பண்ணின ராக்ல உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னடிக்' வந்தப்ப, அவங்க ரசிகர்களே "இது ரொம்ப நசுங்கியிருக்கு"ன்னு சண்டை போட்டாங்க.

மூணு, திடீர் அடி. பெரிய சத்தம் வந்தா நடுக்காதுல ஒரு குட்டித் தசை இறுகித் தடுக்கும். ஆனா அது வேலையை ஆரம்பிக்க ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு வரை ஆகும். ஸ்னேர் டிரம்மோட முதல் அடி அதுக்குள்ள உள்ள போயிடும். அந்தத் தசை தடுக்கிறதும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியைத்தான். சிம்பலோட கூச்சல் அப்படியே போகும்.

எங்க வீட்டு ரெக்ரூட்மென்ட்

என் சித்தப்பா ஓசூர்ல பிரஸ் ஷாப்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். நான் ஏதாவது சொன்னா "என்ன, கேக்கல"ம்பார். கொஞ்சம் சத்தமா சொன்னா உடனே "ஏன்டா கத்துற? காது கேக்குது"ம்பார். நான் புளூடூத் ஸ்பீக்கர்ல ராக் போட்டா எழுந்து வாசலுக்குப் போயிடுவார். காதே சரியா கேக்காதவருக்கு சவுண்டு எப்படித் தொந்தரவு பண்ணும், எனக்குப் பிடிச்சது அவருக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்னு நெனச்சேன்.

டாக்டர் ஆடியோகிராம் எடுத்துட்டு ஒரு வார்த்தை சொன்னார்: ரெக்ரூட்மென்ட். பிளேஸ்மென்ட்ல வர்றது இல்ல. நம்ம ஒவ்வொரு காதுலயும் சுமார் 15,000 முடிச் செல்கள் இருக்கு, செத்தா மறுபடி முளைக்காது. அதுல வெளி வரிசையில இருக்கிறவை ஆம்ப்ளிஃபயர் மாதிரி. மெல்லிய ஒலியை மட்டும் பெருக்கும், பெரிய ஒலியைத் தொடாது. இரைச்சல்ல முதல்ல போறது இந்த வரிசைதான். அது போனா மெல்லிசு கேக்காது, ஆனா பெருசு பழைய அளவுலயே வந்து இடிக்கும். நல்ல காதுக்கு 0-லிருந்து 100 வரைக்கும் இடம்னா, இவருக்கு 60-லிருந்து 100 வரைக்கும்தான். மொத்த உலகமும் அந்த 40 டெசிபலுக்குள்ள நசுங்கணும். அவர் சொன்ன ரெண்டுமே உண்மை. கேக்கவும் இல்ல, வலிக்கவும் செய்யுது.

இன்னொரு வகை ஹைப்பராக்யூசிஸ். ஆடியோகிராம் நார்மலா இருக்கலாம், ஆனா மூளை உள்ள வர்ற சிக்னலோட கெய்னை ஏத்தி வெச்சிருக்கும். மைக்ரேன் வர்றப்ப சத்தம் தாங்க முடியாதவங்க இருக்காங்க. ஆட்டிசம் உள்ள பலருக்கும் சத்தம் ஒரு அடி மாதிரி விழும். இவங்க யாரும் இசையை வெறுக்கல. இவங்கள்ல ராக் ரசிகர்களும் உண்டு. ஏன், மேடை மேல இருக்கிறவங்களே உண்டு. 2011 அக்டோபர் 30-ல, நம்ம ஓசூர்லிருந்து சுமார் 40 கிலோமீட்டர்ல, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ்ல மெட்டாலிகா வாசிச்சுது. அந்த டிரம்மர் லார்ஸ் உல்ரிக், தனக்குக் காதுல ஓயாத ரீங்காரம் இருக்குன்னு வெளிப்படையா பேசினவர்.

நாம என்ன பண்ணலாம்?

தள்ளி நில்லுங்க. திறந்த மைதானத்துல சின்ன ஸ்பீக்கர்லிருந்து தூரம் இரட்டிப்பானா சுமார் 6 டெசிபல் குறையும். 5 மீட்டர்ல 100-னா 20 மீட்டர்ல 88. உங்க 15 நிமிஷம் 4 மணி நேரமாகும். ஆடிட்டோரியத்துக்குள்ள சுவர் எதிரொலிக்கிறதால இவ்வளவு குறையாது.

பஞ்சு வேண்டாம், பெருசா தடுக்காது. கம்பெனில தர்ற ஃபோம் பிளக்கை ஒல்லியா உருட்டி, காதை மேல இழுத்து வெச்சா நல்லா தடுக்கும், ஆனா பாட்டு மந்தமா கேக்கும். இசைக்கலைஞர்களுக்கான பிளக் எல்லா அலைவரிசையையும் ஏறத்தாழ சமமா குறைக்கும், பாட்டு பாட்டாவே இருக்கும்.

ஆனா நாள் முழுக்கப் பிளக் போட்டுக்கிட்டே இருக்காதீங்க. ஆட்டோமேட்டிக் கெய்ன் கன்ட்ரோல் ஞாபகம் இருக்கா? உள்ள வர்றது குறைஞ்சா சர்க்யூட் கெய்னை ஏத்தும். மூளையும் அதையேதான் பண்ணும், கூச்சம் இன்னும் கூடும். சத்தமான இடத்துல மட்டும் போடுங்க. கூச்சம் தொடர்ந்தா ஆடியாலஜிஸ்டைப் பாருங்க.

கல்ச்சுரல்ஸ் நடத்துற தம்பி தங்கைகளுக்கு: ஸ்பீக்கர் முன்னாடி கயிறு கட்டி இடம் விடுங்க. வாசல்ல ஒரு டப்பா ஃபோம் பிளக் வையுங்க. சத்தம் எட்டாத ஒரு கிளாஸ் ரூமைத் திறந்து வையுங்க. லைட்டிங் செலவோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல.

நம்மள்ல பாதிப் பேர் அடுத்த வருஷம் ஷாப் ஃப்ளோர்ல நிக்கப் போறோம். பகல்ல மெஷின், சாயங்காலம் ஹெட்ஃபோன், வீக்எண்ட்ல பெங்களூரு கச்சேரி. மூணுக்கும் சேர்த்து இருக்கிறது ஒரே கணக்குதான். அதனால அடுத்த தடவை யாராவது காதைப் பொத்திக்கிட்டு வெளிய நடந்தா, கேள்வி கேக்காம ஒரு ஜோடி பிளக்கை நீட்டுங்க. நான் இப்ப வீட்டுல ராக் கேக்குறது பாதி வால்யூம்ல. சித்தப்பா வாசலுக்குப் போறதில்ல. போன வாரம் "இந்தக் கிட்டார் நல்லாருக்கே"ன்னார்.