நீர்க்கடுப்பு என்று வருபவரிடம் கேட்க வேண்டியவை

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

மதியம் ஒரு மணிக்குப் புறநோயாளிகள் வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் பெண், "சூடு பிடிச்சிருக்கு டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார். நீர்க்கடுப்பு என்ற சொல் இரண்டாவது கேள்விக்குப் பிறகுதான் வரும். "சொட்டுச் சொட்டாத்தான் போகுது, எரியுது" என்பது, கூட வந்த ஆண் வெளியே போன பிறகு. அதற்குள் பல மருத்துவர்களின் பேனா "சிப்ரோ" என்று எழுதி முடித்திருக்கும். இந்தக் கடிதம் அந்தப் பேனாவைப் பற்றியது.

சூடு என்ற சொல்லைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, கிருமி எதுவும் இல்லாமலே எரியும். இளநீருக்கும் மோருக்கும் அது அடங்கும். ஆனால் எரிச்சலோடு அடிக்கடி, அவசரமாகப் போக வேண்டியும் இருந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லையென்றால், அது சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்க அரை நிமிடம் ஆகாது. கூச்சத்தில் அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

குற்றவாளி பெரும்பாலும் பழைய ஆசாமி. 1885இல் தியோடர் எஷெரிச் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த ஈ.கோலை, குடலில் இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது. சிறுநீர்ப்பைக்குள் ஏறினால்தான் வம்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாய் பெண்ணுக்கு ஏறத்தாழ 4 செ.மீ.தான், ஆணுக்கோ 20 செ.மீ. இந்த நீள வித்தியாசமே பெண்களின் துயரத்தில் பாதியை விளக்கிவிடும். ஆகவே ஆணுக்குத் தொற்று வந்தால், புரோஸ்டேட்டோ கல்லோ அடைப்போ இருக்கிறதா என்று தேடாமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியல்ல.

அடுத்து, ஆய்வகச் சீட்டு. 1956இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ், ஒரு மில்லி சிறுநீரில் 1,00,000 கிருமிகள் என்ற எல்லையை வகுத்தார். அந்த எண் பாடநூல்களில் ஏறி, வேதவாக்காகிவிட்டது. 1982இல் வால்டர் ஸ்டாம் குழுவினர், எரிச்சலோடு வந்த பெண்களைப் பரிசோதித்தபோது, மில்லிக்கு 100 கிருமிகளே இருந்தாலும் அது உண்மையான தொற்றாக இருக்கலாம் என்று காட்டினார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: தொந்தரவு ஏதும் இல்லாதவரிடம் லட்சம் கிருமிகள் இருந்தாலும், பெரும்பாலும் அது நோயல்ல. எண்ணை ஆளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

"யூரின்ல பஸ் செல் இருக்காம்" என்று சீட்டை நீட்டும் சர்க்கரை நோயாளிக்கும், நீண்ட நாள் கதீட்டரோடு படுத்திருக்கும் முதியவருக்கும், அறிகுறி இல்லாதவரை ஆன்டிபயாடிக் தேவையில்லை. கதீட்டர் ஒரு மாதம் இருந்துவிட்டால் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வளரும். விலக்கு கர்ப்பிணிகள். அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். சிறுநீர்ப் பாதையில் சளிச்சவ்வு கீறும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் அப்படியே.

சாம்பிள் எடுப்பதை நர்சிடம் விட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். முதலில் வருவதைப் போக்கிவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லியிருக்கிறார்களா? பாட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போகிறதா? நம் ஊர் வெயிலில் மேசையில் மறந்து வைத்த பாட்டிலில் கிருமி சுகமாகப் பெருகும். பிறகு கல்ச்சர் ரிப்போர்ட் சொல்வது மேசையின் கதை.

இனி பேனா. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் ஐந்து நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை. இரண்டுமே பழைய மருந்துகள், ஈ.கோலையிடம் பெரும்பாலும் இன்னும் எடுபடுபவை. நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில் மட்டுமே செறியும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி என்றால் வேறு மருந்து, கல்ச்சர் கட்டாயம். சர்க்கரை நோயாளியாக இருந்தால் ஸ்கேனும் தாமதிக்கக் கூடாது. சிறுநீரகத்தில் வாயு உண்டாக்கும் கொடிய தொற்று அவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

சிப்ரோவை ஏன் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்? இந்தியாவில் ஈ.கோலையில் பெரும்பங்கு அதற்குப் பணிவதே இல்லை. இன்னொரு கதையும் உண்டு. டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் 2008இல் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமியில்தான், கடைசி ஆயுதமான கார்பாபெனமையும் உடைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பெயரில் நியூடெல்லி இருப்பதாக அரசு கோபித்துக்கொண்டது. கிருமிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு கோரியது.

திரும்பத் திரும்ப வருபவர்களிடம்தான் உங்கள் பொறுமை சோதிக்கப்படும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு, இஸ்ரேலில் நடந்து 1993இல் வெளியான ஆய்வில், போலிக் களிம்பு தடவியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 5.9 ஆக இருந்த தொற்றுகளை 0.5 ஆக்கியது. இளம் பெண்களுக்குத் தண்ணீர். தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஆண்டுக்கு 1.7 முறை, வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறை என்றது 2018இல் வெளியான ஆய்வு. பணம் போட்டது தண்ணீர் பாட்டில் விற்கும் டனோன் நிறுவனம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் முடிவு நம்பத்தக்கதே.

"நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லும் முன் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தப் பெண் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்பவராக இருந்தால், கழிப்பறை எந்த மாடியில், போக அனுமதி யார் தருவது என்று கேளுங்கள். அடிக்கடி போகக் கூடாதென்றே தண்ணீரைத் தவிர்ப்பவர்கள் ஏராளம். கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரச் சட்டம் வந்தது. கேரளத்தில் அதற்காகப் போராடிய 'பெண்கூட்டு' அமைப்பு, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற பெண் தொடங்கியது. அவர்கள் அங்கே முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை.