தணலும் மரபும்

நுழையும்முன்

ஓர் உணவின் உண்மையான செய்முறை எது? அதனை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் இவ்வினாக்கள் உணவுமேசையிலும் ஊர்த்திருவிழாவிலும் நாளேடுகளிலும் இன்றளவும் எழுப்பப்படுகின்றன. விறகுத் தணலில் இறைச்சியை மெல்ல வேகவைக்கும் ‘பார்பிக்யூ’ என்னும் சமையல்முறையின் வழியாக, மரபு என்பது யாது என ஆராய்கிறது இப்பாடம்.

சொல் வந்த வழி

சுடுதல், வாட்டுதல், வறுத்தல், பொரித்தல், அவித்தல் என, உணவில் வெப்பம் சேரும் வகைக்கேற்பத் தமிழில் தனித்தனி வினைச்சொற்கள் உள்ளன. ‘பார்பிக்யூ’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அத்தகைய தெளிவு இல்லை. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள், கழிகளை நட்டு அவற்றின்மேல் குச்சிகளைப் பரப்பி அமைத்த பரணைக் குறித்த சொல், ‘பார்பகோவா’ என்னும் வடிவில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1526ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. பரணைக் குறித்த சொல், நாளடைவில் அதன்மேல் சமைத்த உணவையும், அவ்வுணவை உண்ணக் கூடும் விருந்தையும் குறிக்கலாயிற்று.

அமெரிக்காவின் வடபகுதியினர், வீட்டின் பின்புறத்தில் கம்பி அடுப்பிட்டுச் சில நிமிடங்களில் இறைச்சியைச் சுட்டெடுப்பதையும் பார்பிக்யூ என்றே அழைப்பர். தென்பகுதியினர் இதனை ஏற்பதில்லை. மூடிய குழியடுப்பில், நேரடித் தீச்சுவாலை படாமல், விறகின் தணலாலும் புகையாலும் பல மணிநேரம் வெந்த இறைச்சியே அவர்களுக்குப் பார்பிக்யூ ஆகும். விவாதம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

பொறுமையின் அறிவியல்

இம்முறைக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுபவை விலை குறைந்த, கடினமான இறைச்சிப் பகுதிகளே. மாட்டின் நெஞ்சுப்பகுதியிலும் பன்றியின் தோள்பகுதியிலும் இணைப்புத் திசுக்கள் மிகுதி. அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதம், நீண்டநேர மிதவெப்பத்தில் இளகிக் கூழ்த்தன்மையுள்ள ஜெலட்டினாக மாறுகிறது. அதனால்தான் அடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 110 முதல் 135 டிகிரி செல்சியசு வரை மட்டுமே வைக்கப்படுகிறது. ஒரு பெரிய நெஞ்சுத்துண்டு வேகப் பன்னிரண்டு மணிநேரம்கூட ஆகலாம். இறைச்சியின் உள்வெப்பம் 70 டிகிரியை நெருங்கும்போது பலமணிநேரம் உயராமல் நின்றுவிடுவதுண்டு. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர், வியர்வை உடலைக் குளிர்விப்பதுபோல் இறைச்சியைக் குளிர்விப்பதே இதற்குக் காரணம். புதிதாகச் சமைப்பவர் பதற்றமடைந்து தீயைக் கூட்டிக் காரியத்தைக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

ஊருக்கொரு சுவை

வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் முழுப்பன்றி சமைக்கப்படுகிறது. அதற்குரிய சாறு, வினிகரும் மிளகாயும் சேர்ந்தது. தக்காளிக்கு அதில் இடமில்லை. அதே மாநிலத்தின் நடுப்பகுதியிலுள்ள லெக்சிங்டன் நகரிலோ பன்றியின் தோள்பகுதி மட்டுமே சமைக்கப்படும். வினிகருடன் சிறிது தக்காளிச் சாறும் சேரும். இந்தச் சிறு சிவப்பு நிறத்தை முன்னிட்டு ஒரே மாநிலத்தார் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பது வெளியாருக்கு வியப்பளிக்கும். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகுச் சாறு வழங்குகிறது. அங்குக் குடியேறிய ஜெர்மானியர் வழிவந்தது அது என்பர். அலபாமா மாநிலத்தின் டிகேட்டர் நகரில் மயோனைசும் வினிகரும் கலந்த வெண்ணிறச் சாற்றில் கோழியைத் தோய்த்துத் தருவர். கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோ நகரில் ஆட்டிறைச்சிக்கே முதலிடம். கம்பளிக்காக வளர்க்கப்பட்ட செம்மறியாடுகள் முதிர்ந்தபின் அவற்றின் கடினமான இறைச்சியை உண்ணத்தக்கதாக்க நீண்டநேரத் தணலே ஏற்றதாயிருந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஜெர்மானிய, செக் நாட்டுக் குடியேறிகள் நடத்திய இறைச்சிக் கடைகளிலிருந்து வேறொரு மரபு கிளைத்தது. உப்பும் மிளகும் தூவிய மாட்டிறைச்சி, ஓக் விறகு, பொட்டலம் கட்டும் தாள், இவையே அங்குப் போதுமானவை.

ஆக, எந்த மண்ணில் எது விளைந்ததோ, எந்த மக்கள் எங்கிருந்து வந்தனரோ, அதற்கேற்பவே சுவை அமைந்தது. முதலில் இருந்தது வசதிதான். அது விதியானது பின்னரே.

தெரியுமா?

புகையில் வெந்த இறைச்சியை வெட்டினால் விளிம்பையொட்டி இளஞ்சிவப்பு வளையம் தெரியும். புகையிலுள்ள வாயுக்கள் இறைச்சியின் மயோகுளோபினுடன் சேர்வதால் இது உண்டாகிறது. வளையத்திற்குச் சுவை கிடையாது. பதப்படுத்தும் உப்பைத் தடவியும் இதனை உண்டாக்கலாம். ஆகையால் கான்சாஸ் நகரப் பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில் இவ்வளையம் மதிப்பெண்ணுக்குரியதாகக் கொள்ளப்படுவதில்லை.

பழைமையின் வயது

‘எங்கள் முன்னோர் செய்த முறை’ என்று பெருமையுடன் கூறப்படும் பலவற்றின் வயது நாம் எண்ணுவதைவிடக் குறைவு. டெக்சாஸின் அடையாளமாக இன்று உலகறிந்தது மாட்டின் நெஞ்சிறைச்சி. ஆயின் பழைய இறைச்சிக் கடைகளில் மாடு முழுதாகவோ பெரும்பகுதிகளாகவோ வந்திறங்கியது; விற்காமல் எஞ்சிய பகுதி எதுவோ, பெரும்பாலும் தோளிறைச்சி, அதுவே அடுப்பேறியது. இறைச்சியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெட்டியிலிட்டு அனுப்பும் முறையை 1967இல் ஒரு பெரிய நிறுவனம் தொடங்கிய பின்னரே, நெஞ்சிறைச்சியை மட்டும் வேண்டிய அளவு வாங்குதல் கடைகளுக்கு எளிதாயிற்று. நெஞ்சிறைச்சியின் பேராட்சி வேரூன்றியதில் தொன்மைக்கு உள்ள பங்கைவிடப் போக்குவரத்துக்கு உள்ள பங்கு பெரிது.

கான்சாஸ் நகரின் கதை இன்னும் சுவையானது. அந்நகரச் சுவை என்றவுடன் கடைகளில் கிடைக்கும் கெட்டியான இனிப்புச் சாறே பலருக்கு நினைவுக்கு வரும். அவ்வகைச் சாற்றைப் புட்டியிலடைத்து நாடெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர், ரிச் டேவிஸ் என்னும் மனநல மருத்துவர், ஆண்டு 1977. அந்நகரில் இத்தொழிலுக்கு வித்திட்டவரோ ஹென்றி பெர்ரி. டென்னசி மாநிலத்திலிருந்து வந்த இக்கறுப்பினத்தவர், 1908இல் சிறு கடையிட்டுப் புகையிறைச்சியைச் செய்தித்தாளில் பொதிந்து விற்றார். அவருடைய சாறு காரமும் உறைப்பும் மிக்கது. அவரிடம் தொழில் பயின்றவர் வழியாகக் கடையைப் பெற்ற ஆர்தர் பிரையன்ட், வாடிக்கையாளர் விருப்பமறிந்து உறைப்பைக் குறைத்தார். இவற்றுள் எது அந்நகரின் உண்மையான சுவை? பழைமையே அளவுகோல் எனின், இன்று அந்நகரத்தார் விரும்பியுண்ணும் இனிப்புச் சாற்றுக்கு இடமில்லாமற் போகும். மக்கள் வழக்கே அளவுகோல் எனின், பெர்ரியின் சாறு அயலாகிவிடும்.

மறைந்த கைகள்

இவ்விவாதத்தில் சாறும் விறகும் பேசப்பட்ட அளவுக்குச் சமைத்தவர் பேசப்படவில்லை. தென்மாநிலப் பண்ணைகளில் குழி தோண்டி, இரவெல்லாம் கண்விழித்துத் தணல் தள்ளி, விருந்தினர்க்கு இறைச்சி சமைத்தவர் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களே. விருந்தளித்த பண்ணையாரின் பெயர் ஏடுகளில் ஏறியது. அடிமைமுறை ஒழிந்தபின் இவர்களின் வழித்தோன்றல்கள் அக்கலையை ஊர்தோறும் கொண்டுசென்றனர். பிற்காலத்தில் இதழ்களும் தொலைக்காட்சியும் பார்பிக்யூ வல்லுநர்களைக் கொண்டாடியபோது, காட்டப்பட்ட முகங்களுள் மிகப்பல வெள்ளையருடையவை. 2021இல் ஏட்ரியன் மில்லர் எழுதிய ‘பிளாக் ஸ்மோக்’ என்னும் நூல் இக்குறையையே எடுத்துரைக்கிறது. ‘எது உண்மையானது’ என்று கேட்பவர் ‘யாருடையது’ என்றும் கேட்டாக வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தென் கரோலினாவின் ஹெமிங்வே என்னும் சிற்றூரில் பதினொரு வயதில் முதன்முதலாக முழுப்பன்றியைச் சமைத்த ராட்னி ஸ்காட், 2018இல் தென்கிழக்குப் பகுதியின் சிறந்த சமையற்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார். இவர் குடும்பத்தார் விறகை இரும்புப் பீப்பாயில் எரித்து, கீழே உதிரும் தணலை மண்வெட்டியால் அள்ளி இறைச்சியின் அடியில் பரப்புவர். இம்முறையின் விலையையும் அவர்கள் அறிவர். 2013இல் அவர்களுடைய சமையற்கூடம் தீக்கிரையானது.

விறகா, எரிவாயுவா?

விறகு வெட்டுதல், இரவுக் காவல், தீவிபத்து அச்சம் ஆகியவற்றால் சலித்த கடைக்காரர் பலர் எரிவாயு அடுப்புக்கும் மின்னடுப்புக்கும் மாறினர். இதனைக் கண்டு வருந்திய சமூகவியலறிஞர் ஜான் செல்டன் ரீடும் டான் லெவின் என்பவரும் 2013இல் ஓர் இயக்கம் தொடங்கினர். விறகிலோ விறகுத் தணலிலோ மட்டும் சமைக்கும் கடைகளுக்கு அது சான்றளிக்கிறது. சாறு எதுவாயினும், இறைச்சி எதுவாயினும் அவ்வியக்கத்திற்கு உடன்பாடே. தீயைப் பற்றி மட்டுமே அது கேட்கிறது. வட்டாரச் சண்டைகளைக் கடந்து நிற்கும் அளவுகோல் என்ற வகையில் இதற்குச் சிறப்புண்டு. எனினும் எரிவாயுவுக்கு மாறிய சிறு கடைக்காரரின் முதுகுவலியை அச்சான்றிதழ் அறியாது.

லாக்கார்ட்டில் இரு கடைகள்

டெக்சாஸின் லாக்கார்ட் நகரில் 1900இல் தொடங்கப்பட்டது கிரூஸ் மார்க்கெட் என்னும் இறைச்சிக் கடை. பின்னாளில் அதனை நடத்திய உரிமையாளர், தொழிலை மகன்களுக்கும் கட்டடத்தை மகளுக்கும் உரிமையாக்கி மறைந்தார். உடன்பிறந்தாரிடையே வாடகை குறித்துப் பிணக்கு எழவே, 1999இல் கடை வேறிடம் பெயர்ந்தது. அவ்வாறு பெயர்ந்தபோது பழைய அடுப்பின் கனன்ற தணலைத் தொட்டியில் வாரி, தெருவழியே இழுத்துச் சென்று, அதைக்கொண்டே புதிய அடுப்பை மூட்டினர். பழைய கட்டடத்திலோ மகள், தந்தையின் செல்லப்பெயரால் ‘ஸ்மிட்டிஸ் மார்க்கெட்’ என்னும் புதிய கடையைத் திறந்தார். பழைய பெயரும் தணலும் ஓரிடத்தில். புகையேறிக் கறுத்த சுவரும் பழைய குழியடுப்பும் மற்றோரிடத்தில். அவ்வூருக்குச் செல்பவர்களுள் சிலர் ஒன்றை உண்மையான கடை என்பர். சிலர் மற்றதை என்பர். இரண்டிலும் உண்டு திரும்புபவர் பலர்.